மணக் கேக்கும் மறைந்த கரங்களும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

சடங்குகளை ஆராய்வோர் மந்திரங்களுக்கும் ஆடையணிகளுக்கும் கொடுத்த கவனத்தை அங்கு பகிரப்படும் உணவுக்குக் கொடுத்தது குறைவு. உண்டவுடன் தீர்ந்துபோகும் பொருளுக்கு வரலாறு எதற்கு என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின் ஒரு பண்டம் யாருடைய உழைப்பால் உருவாயிற்று, யாருடைய பணத்தால் வாங்கப்பட்டது, யார் முன்னிலையில் வெட்டப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, உணவும் சமூக உறவுகளின் ஆவணமாகிவிடுகிறது.

திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர் தோழியரும் உறவுப் பெண்களும் கூடி மணப்பெண்ணுக்குப் பரிசுகள் வழங்கும் 'பிறைடல் ஷவர்' என்னும் கொண்டாட்டம், அமெரிக்க நகரங்களில் தோன்றி இன்று பல நாடுகளில் வேரூன்றி வருகின்றது. அக்கொண்டாட்டத்தின் நடுநாயகமாக அண்மைக் காலத்தில் அமைந்திருப்பது, குறித்த மணப்பெண்ணுக்கென்றே ஓடர் கொடுத்துச் செய்விக்கும் கேக் ஆகும். அவளது பெயர், விருப்பமான நிறம், தொழில், காதல் கதை யாவும் அதில் சீனியால் வடிக்கப்படுகின்றன. இது வெறும் நாகரிக மோகமா? அன்றி, நீண்டதொரு வரலாற்றின் புதிய கட்டமா? 'எனக்கென்றே செய்யப்பட்டது' என்று பெருமை கொள்ளும் பண்டம், செய்தவரை ஏன் கண்ணுக்குப் புலப்படாது வைக்கிறது? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

1. தோற்றம் பற்றிய கதைகள்

மணக் கேக்கின் வரலாற்றைச் சொல்வோர் வழமையாகப் பண்டைய உரோமிலிருந்து தொடங்குவர். அங்கு உயர்குலத்தோரிடையே நிலவிய ஒரு மணமுறையில், 'பார்' என்னும் கோதுமையினத் தானியத்தாற் செய்த அப்பம் இன்றியமையாததாயிருந்தது உண்மையே. ஆனால் அவ்வப்பத்திலிருந்து இன்றைய கேக் நேர்கோட்டில் வந்தது எனக் கொள்வது பொருந்தாது. கிளாஸ்கோ நகரத் திருமணங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் சைமன் சார்ஸ்லி, 1992இல் வெளியிட்ட நூலில், கேக்கைத் தொல்பழங் குறியீடொன்றின் எச்சமாகக் கொள்ளாமல், சமையல் நுட்பமும் வணிகமும் படிப்படியாக உருவாக்கிய பொருளாகவே நோக்கினார். இந்நோக்கே எமக்கும் ஏற்புடையது.

உறுதியான சான்று 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிடைக்கின்றது. 1769இல் எலிசபெத் றஃபல்ட் என்பார் வெளியிட்ட சமையல் நூலில் மணமகள் கேக்குக்கான செய்முறை உண்டு. நான்கு இறாத்தல் மா, நான்கு இறாத்தல் வெண்ணெய், இரண்டு இறாத்தல் சீனி, நான்கு இறாத்தல் உலர்பழம், முப்பத்திரண்டு முட்டை என்பன அதன் முதன்மைச் சேர்மானங்கள். வெண்ணெயைக் கையாலேயே பிசைந்து குழைத்து, சீனியைச் சேர்த்துக் கால் மணி நேரம் அடிக்க வேண்டும். வெந்த கேக்கின்மீது வாதுமைப் பூச்சும் அதன்மேற் சீனிப் பூச்சும் இடப்பட்டன. பிற்கால மணக் கேக்கின் அடிப்படை வடிவம் இங்கு அமைந்துவிட்டது.

றஃபல்டின் வாழ்க்கையும் மனங்கொள்ளத்தக்கது. பிரபு குடும்பமொன்றின் மாளிகையில் மனைப் பணிகளை மேற்பார்வை செய்தவர், பின்னர் மான்செஸ்ரரில் கடை நடத்தினார். மாளிகையின் அடுக்களை அறிவு நகரச் சந்தையின் பண்டமாக மாறியதற்கு அவர் எடுத்துக்காட்டு.

2. வெண்மையின் விலை

அக்கேக்கின் பெருமை அதன் வெண்மையிலேயே தங்கியிருந்தது. வெண்மைக்குச் சுத்திகரித்த சீனி தேவை. அச்சீனி கரிபியன் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. பிரித்தானியாவில் ஆளொருவர் ஆண்டில் நுகர்ந்த சீனி 1700ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நான்கு இறாத்தலாக இருந்து, 1800ஆம் ஆண்டளவில் பதினெட்டு இறாத்தலாக உயர்ந்தது என மானிடவியலாளர் சிட்னி மின்ற்ஸ் எடுத்துக்காட்டியுள்ளார். செல்வந்தரின் அருஞ்சுவை உழைக்கும் மக்களின் அன்றாட உணவாக மாறிய கதை அது.

இதனை அக்காலப் பெண்கள் அறியாதிருந்தனர் எனக் கூறமுடியாது. 1791இல் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் பிரேரணை பாராளுமன்றில் தோல்வியுற்றதும், மேற்கிந்தியச் சீனியைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் எழுந்தது. வாக்குரிமையற்ற பெண்களுக்கு வீட்டுக் கொள்வனவு அரசியல் ஆயுதமாயிற்று. உடனடி விடுதலையை வலியுறுத்தி 1824இல் சிறுநூல் வெளியிட்ட எலிசபெத் ஹெயிரிக் அம்மரபில் வந்தவரே. 1833இல் அடிமை முறையை ஒழிக்குஞ் சட்டம் நிறைவேறியபோது, நட்டஈடாக இரண்டு கோடிப் பவுண் ஒதுக்கப்பட்டது. அது உடைமையாளருக்குக் கிடைத்தது. அடிமைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அடிமைகளின் இடத்தை ஒப்பந்தக் கூலிகள் நிரப்பினர். மொறீசியசுக்கும் கயானாவுக்கும் 1830களிலும், நேற்றாலுக்கு 1860இலும், பிஜிக்கு 1879இலும் இந்தியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். பிஜியின் கரும்புத் தோட்டங்களில் இந்தியப் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியமை தமிழ் வாசகர் அறிந்ததே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய பீற் சீனியும் பிரித்தானியச் சந்தையை நிரப்பியமையால், ஒவ்வொரு மணக் கேக்கையும் கரும்புத் தோட்டத்தோடு இணைத்துவிட முடியாது. எனினும் கொண்டாட்டத்தின் இனிமையும் உற்பத்தியின் கசப்பும் ஒன்றையொன்று காணாத தூரத்தில் வைக்கப்பட்டன என்பது மறுக்க முடியாதது.

3. அரச மாதிரியும் மத்தியதர வர்க்கமும்

1840 பெப்ரவரி 10இல் நடைபெற்ற விக்ரோறியா மகாராணியின் திருமணத்துக்கான கேக் ஏறத்தாழ முந்நூறு இறாத்தல் நிறையும் மூன்று யார் சுற்றளவும் பதினான்கு அங்குல உயரமும் கொண்டதாயிருந்தது. அதன் உச்சியில் பிரிட்டானியாத் தேவி, உரோம உடையணிந்த மணமக்களை வாழ்த்தி நின்றாள். சாம்ராச்சியமே கேக்கின்மேல் ஏறி நின்ற காட்சி எனலாம். அவரது மூத்த மகளின் திருமணத்தில், 1858இல், அடுக்குக் கேக் இடம்பெற்றது. ஆயினும் மேலடுக்குகள் முழுவதும் சீனியாலானவை. 1882இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்திலேதான் எல்லா அடுக்குகளும் உண்ணத்தக்க கேக்காக அமைந்தன.

அச்சிட்ட படங்கள் மூலம் பரவிய இம்மாதிரியை மத்தியதர வர்க்கம் தன் வசதிக்கேற்பப் பின்பற்றியது. சீனி வரி 1874இல் நீக்கப்பட்டமை அதற்குத் துணைசெய்தது. தோற்றத்தின் வலிமை எத்தகையது என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டிற்று. 1940இல் பிரித்தானிய அரசு கேக்கின்மேற் சீனிப் பூச்சு இடுவதைத் தடைசெய்தபோது, மட்டையாலும் சாந்தாலும் செய்த வெண்ணிறக் கூடுகள் வாடகைக்கு விடப்பட்டன. அக்கூட்டுக்குள் சிறியதொரு கேக்கை வைத்து மணமக்கள் திருமணம் முடித்தனர். உண்பதற்கு இல்லாவிடினும் காண்பதற்கு வேண்டும் என்னும் நிலைக்குச் சடங்கு வந்துவிட்டது.

4. பரிசு பொழியும் விழா

பிறைடல் ஷவர் பற்றி ஒல்லாந்துக் கதையொன்று வழங்குகின்றது. ஏழை மாவாலைக்காரன் ஒருவனை விரும்பிய பெண்ணுக்குத் தந்தை சீதனம் கொடுக்க மறுக்கிறான். அவள் இல்லறம் தொடங்குவதற்கு வேண்டிய பொருள்களை ஊரார் ஆளுக்கொன்றாகக் கொணர்ந்து சொரிகின்றனர். இது வரலாறு அன்று, கதையே. ஆயினும் தந்தையின் செல்வத்துக்கு எதிராக ஊரின் கூட்டு நல்கையை நிறுத்தும் அதன் உள்ளடக்கம் கருத்துக்குரியது.

வரலாற்று நிலையில் இவ்வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகர மத்தியதரப் பெண்களிடையே உருப்பெற்றது. சமையற் பாத்திரங்கள், படுக்கை விரிப்புகள் என ஒவ்வொரு விழாவும் ஒருவகைப் பொருளை மையமாகக் கொண்டது. அன்பின் வெளிப்பாடாக இருந்த அதே வேளை, பெண்ணின் எதிர்காலம் அடுப்படியே என்பதை அது உறுதிப்படுத்தியது. வணிகமும் விரைவில் உட்புகுந்தது. மணப்பெண் தான் விரும்பும் பொருள்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பரிசுப் பதிவேட்டைச் சிகாகோவின் மார்ஷல் பீல்ட் பேரங்காடி 1924இல் நடத்தியது. கேக் அலங்காரமும் கற்பிக்கப்படும் தொழிலாயிற்று. அதே நகரில் 1929இல் டூயி மக்கின்லி வில்ற்றன் அதற்கான வகுப்புகளைத் தொடங்கினார்.

5. மீண்டும் வீட்டுக்கு

21ஆம் நூற்றாண்டில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. கேக் அலங்காரத்தையே பொருளாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்கள் 2006 முதல் அமெரிக்காவில் புகழ்பெற்றன. 2010இல் இன்ஸ்ரகிராம் தோன்றியது. விழாவுக்கு வராதோரும் கேக்கைக் காணலாயினர். இன்னொருவர் செய்வித்ததுபோல் இராத கேக்கே மதிப்புப் பெற்றது.

மற்றையது சட்ட மாற்றம். வீட்டுச் சமையலறையிற் செய்த பண்டங்களை விற்பதற்குக் கலிபோர்னியாவில் 2013 முதல் அனுமதி கிடைத்தது. ஆண்டு விற்பனை அவ்வாண்டில் 35,000 டொலருக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. இத்தகைய விற்பனையை 2021 வரை மறுத்துவந்த நியூ ஜேர்சி, இறுதியாக இணங்கிய மாநிலமாகும். றஃபல்டின் காலத்தில் வீட்டிலிருந்து கடைக்குச் சென்ற கைத்திறன் இப்போது வீட்டுக்குத் திரும்பியது. ஆனால் முதலாளி, தொழிலாளி, விநியோகிப்பவர் ஆகிய மூவரும் ஒருவரேயான உற்பத்தி முறை இது. மா, முட்டை, வெண்ணெய் ஆகியவற்றின் விலை கணக்கிடப்படுகின்றது. சீனிப் பசையால் ஒரு ரோசாவின் இதழ்களை ஒவ்வொன்றாக மெலிவித்து அடுக்கும் நேரமோ 'பொழுதுபோக்கு', 'கைராசி' என்னும் சொற்களுள் மறைந்துவிடுகிறது.

இவ்வுழைப்பு கலையா என்ற வினா அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒருபாலினத் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கொலராடோக் கடைக்காரர், தமது கைவேலை கருத்து வெளிப்பாடே என வாதிட்டார். நீதிமன்றம் 2018இல், மாநில ஆணைக்குழு அவரது மத நம்பிக்கையை நடுநிலையோடு அணுகவில்லை என்ற குறுகிய காரணத்தின்மேல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, மூல வினாவை முடிவின்றி விட்டது. கடைக்காரரின் கைவேலை கலையாக வாதிக்கப்பட்ட அதே நாட்டில், வீட்டுப் பெண்ணின் கைவேலை தொழிலாகவே முழு ஏற்புப் பெறவில்லை.

6. எமது சூழல்

குடியேற்ற ஆட்சி எமக்கும் இக்கேக்கைத் தந்தது. ரவையும் முந்திரிப் பருப்பும் பூசணி இனிப்பும் சேரும் 'லவ் கேக்' இந்நாட்டில் ஊன்றிவிட்டது. மணக் கேக்கைத் துண்டுகளாக்கி, தாளிற் சுற்றி, சிறு பெட்டிகளில் விருந்தினருக்குக் கொடுப்பதும் எமது வழக்கமாயிற்று. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், புலம்பெயர்ந்தோர் வாழும் இலண்டன், ரொறன்ரோ நகரங்களிலும் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் தமிழ்ப் பெண்கள் உளர்.

இதற்கு முன்னரே மணப்பெண்ணைச் சூழ்ந்து பெண்கள் கூடும் நிகழ்ச்சி எம்மிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் திருமணத்துக்குச் சில நாட்கள் முன்னர் நடைபெறும் பலகாரச் சூட்டில், அயலவரும் உறவினரும் கூடி அரியதரமும் பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டனர். அங்கு உழைப்பே பரிசு. சுட்டவர் யாரென்பது உண்டவருக்குத் தெரியும். ஆயின் இதனைப் பொற்காலமாக்குவதும் தவறு. அவ்வடுப்படியில் யார் நுழையலாம், யார் கைப்பட்டதை யார் உண்ணலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கூட்டுழைப்பின் எல்லை சாதியின் எல்லையாகவே இருந்தது. பணம் கொடுத்து வாங்கும் கேக் அவ்வெல்லையை ஓரளவு தளர்த்தியது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

முரண்பாடு வேறிடத்தில் உள்ளது. ஒல்லாந்துக் கதையில் தோழமையின் பரிசு சீதனத்தின் இடத்தைப் பிடித்தது. எமது சமூகத்தில் சீதனம் ஒழியாதிருக்கையில், பிறைடல் ஷவரும் அதன் கேக்கும் பெண் வீட்டாரின் செலவுப் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேரும் அபாயம் உண்டு. விடுதலையின் வடிவம் வந்து, உள்ளடக்கம் வராத நிலை இதுவாகும்.

கேக்கை ஒதுக்குக என்பது இக்கட்டுரையின் முடிவன்று. மணப்பெண்ணின் மகிழ்ச்சியைக் குறைகூறுவது ஆய்வாளரின் பணியுமன்று. சீனியின் பின்னே தோட்டத் தொழிலாளியும், அலங்காரத்தின் பின்னே இரவு விழித்திருந்த பெண்ணும் உளர் என்பதை வரலாறு கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் கேக் செய்யும் பெண்களின் ஓடர் புத்தகங்களும் கையெழுத்துச் சமையற் குறிப்புகளும் பேணப்படாமலே அழிகின்றன. கல்வெட்டையும் ஏட்டுச் சுவடியையும் தேடிச் சென்ற எமது ஆய்வுலகம் அவற்றையும் ஆவணங்களாகத் திரட்டத் தொடங்குதல் வேண்டும். கூலி கணக்கிடப்படாத அந்த மணித்தியாலங்கள் அப்புத்தகங்களிலேதான் பதிவாகியுள்ளன.