கைதட்டலும் பழிச்சொல்லும்: ரோஸ் சானின் வாழ்வும் கலையும்

சிலப்பதிகாரம் காட்டும் மாதவி பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அவள் ஆடலைக் கண்டு புகார் நகரம் வியந்தது. ஆயினும் அவள் பிறந்த குலத்தைக் கொண்டே அவளை அளவிட்டது. கோவலனே கானல்வரியில் அவள் பாடிய பாட்டுக்குப் பொருள் திரித்து ஐயுற்றுப் பிரிந்தான். ஆடுபவளுக்குக் கைதட்டுவதும், அரங்கை விட்டு இறங்கியதும் அவளைப் பழிப்பதும் பழங்காலத்தோடு முடிந்த வழக்கமன்று. இருபதாம் நூற்றாண்டு மலாயாவில் அவ்வழக்கத்தை முழுமையாகத் தாங்கி வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர் ரோஸ் சான்.

இளமையும் அரங்கேற்றமும்

ரோஸ் சான் 1925-ஆம் ஆண்டு சீன நாட்டில் பிறந்தவர். சிறுமியாக இருக்கையில் கோலாலம்பூருக்குக் கொண்டுவரப்பட்டு வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தார். பள்ளிக் கல்வி அவருக்குப் பெரிதும் வாய்க்கவில்லை. பதினாறு வயதளவில் தம்மினும் மிக மூத்த ஒருவருக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். அம்மணம் நிலைக்கவில்லை. துணையும் படிப்பும் சொத்தும் இல்லாத இளம்பெண்ணுக்கு அக்காலத்தில் திறந்திருந்த வாயில்கள் மிகச் சிலவே. சிங்கப்பூரின் ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் நடனப் பெண்ணாக அவர் பணியேற்றார். ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய காலம் அது. தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் - பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அதே ஆண்டுகளில், நகரத்து ஏழைப் பெண்கள் நடனக் கூடங்களில் பிழைப்புத் தேடினர். இரு துயரங்களும் ஒரே போரின் இரு முகங்கள்.

போருக்குப்பின் அவர் நடனப் போட்டியிலும் அழகுப் போட்டியிலும் இரண்டாமிடம் பெற்றார். பின்னர்ச் சொந்தமாக ஒரு கலைக்குழு அமைத்து ஊர்ஊராகச் செல்லத் தொடங்கினார். 1952-ஆம் ஆண்டு ஈப்போவில் ஆடிக்கொண்டிருந்தபோது அவருடைய மார்க்கச்சை எதிர்பாராமல் அறுந்ததாகவும், அவையோர் எழுப்பிய ஆரவாரமே அவர் வாழ்வின் திசையை மாற்றியதாகவும் கூறப்படுகிறது. ஒரு விபத்தைத் தொழிலாக மாற்றிக்கொண்ட துணிவு அவருடையது. அந்த ஆரவாரத்தை விரும்பி விலை கொடுத்து வாங்கியவர்கள் அவையோரே என்பதையும் மறத்தல் ஆகாது.

அன்றைய பேராக்

ஈப்போவில் அந்த நிகழ்ச்சி நடந்த காலத்தை நோக்கினால் அதன் பின்னணி விளங்கும். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. காட்டோரச் சீனர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றியும் முள்வேலி எழுந்தது. ஊரடங்குச் சட்டம் இரவுகளைப் பறித்துக்கொண்டது. மறுபுறம் கொரியப் போர் காரணமாக 1950, 1951-ஆம் ஆண்டுகளில் ரப்பர் விலையும் ஈய விலையும் உயர்ந்தன. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய வளம் ஈப்போவில் கடைவீதிகளையும் திரையரங்குகளையும் வளர்த்திருந்தது. அச்சமும் பணமும் ஒருங்கே நிறைந்த நகரம் கேளிக்கையை நாடுவதில் வியப்பில்லை.

அக்காலக் கேளிக்கைப் பூங்காக்கள் தனி உலகங்களாக விளங்கின. ஈப்போவின் ஜூபிலி பார்க், கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பார்க் போன்றவை அவ்வகையின. சிறு கட்டணம் செலுத்தி உள்ளே சென்றால் மலாய் பங்சாவான் நாடகம், ஜோகெட் நடனம், சீன இசை நாடகம், குத்துச் சண்டை, திரைப்படம், சூதாட்டக் கடைகள், உணவுக் கடைகள் யாவும் ஒரே வளாகத்தில் இருக்கும். பள்ளியும் கோயிலும் குடியிருப்பும் இனவாரியாகப் பிரிந்திருந்த நாட்டில், எல்லா இனத்தவரும் தோளோடு தோள் உரசி நின்ற இடங்களுள் அப்பூங்காக்களும் அடங்கும். ரோஸ் சானின் அவையும் அத்தகையதே.

உடலே கருவியான கலை

ரோஸ் சானின் கலையை ஆடை களைதல் என்ற ஒரு சொல்லில் அடக்குவோர் அதன் பாதியையே காண்கின்றனர். மலைப்பாம்பைத் தோளிலும் இடையிலும் சுற்றிக்கொண்டு ஆடுவது அவருடைய புகழ்பெற்ற நிகழ்ச்சி. மலைப்பாம்புக்கு நஞ்சில்லை எனினும் இறுக்கிக் கொல்லும் ஆற்றல் உண்டு. அதன் தலையை ஒரு கையால் ஆண்டு, அதன் உடலசைவுக்கு ஏற்பத் தன் உடலை அசைப்பவரிடம் பதற்றம் சிறிதும் இருத்தல் கூடாது. இரும்புக் கம்பிகளை வளைத்தல், தம் உடல்மீது மோட்டார் சைக்கிளை ஓடவிடுதல் முதலிய வீரச் செயல்களையும் அவர் நிகழ்த்தினார். இவை சர்க்கஸ் மரபின் கூறுகள். தசைகளை இறுக்கும் நேரமும், மூச்சை அடக்கும் அளவும் பிசகினால் எலும்பு முறியும்.

இவ்வகை மேடைக்கு மேலைநாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. லிடியா தாம்ஸன் என்ற ஆங்கில நடிகை 1868-ஆம் ஆண்டு தம் குழுவினரோடு நியூயார்க் சென்று நடத்திய நையாண்டி நாடகங்கள் பர்லெஸ்க் என்னும் மேடை வகையை அமெரிக்காவில் பரப்பின. நகைச்சுவையும் பாட்டும் கலந்த அவ்வகை, பின்னர் ஆடை களையும் ஆட்டத்தை மையமாகக் கொண்டது. 1937-ஆம் ஆண்டு நியூயார்க் நகர நிருவாகம் அத்தகைய அரங்குகளுக்கு உரிமம் மறுத்து அவற்றை மூடச்செய்தது. உரிமம் வழங்கி வருவாய் பெறுவதும், எதிர்ப்பு எழுந்ததும் உரிமத்தைப் பறிப்பதும் உலகெங்கும் ஆட்சியாளர் கையாண்ட முறையே.

தோட்டத்து நெருப்பும் மேடை நெருப்பும்

உடலை இடருக்கு உட்படுத்தும் கலை பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் புதிதன்று. ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவில் தீக்குழி இறங்குதலும் தீச்சட்டி ஏந்துதலும் கரகாட்டமும் சிலம்பமும் அங்கே நிகழ்ந்தன. இருமுனையிலும் துணி சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்திய கோலைச் சுழற்றும்போது இருளில் ஒளிவட்டம் எழும். கோல் நின்றால் நெருப்பு கையை நோக்கி ஏறும். ஆகவே நில்லாத சுழற்சியே ஆடுபவருக்குக் காவல். தீக்குழியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கனன்று சாம்பல் பூத்த கரி வெப்பத்தை மெல்லவே கடத்துவதால், நிதானம் தவறாது விரைந்து நடக்கும் பாதம் பெரும்பாலும் பிழைக்கிறது. ஓரிடத்தில் தயங்கி நின்றால் சுட்டுவிடும்.

வணிக மேடைகளில் தீ விழுங்குவோரும் தீ உமிழ்வோரும் கையாளும் முறை வேறு. வாயில் கொண்ட எரிபொருளை நுண்துளிகளாக ஊதிப் பந்தத்தின்மீது படச்செய்வர். காற்றின் திசை மாறினால் முகம் கருகும். ஒரு துளி மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும். மருத்துவ நூல்கள் இதனைத் தீ விழுங்குவோர் நோய் என்றே குறிப்பிடுகின்றன.

நேர்த்திக்கடன் என்று தீயில் இறங்கியவரை ஊர் வணங்கியது. சீட்டுக் கட்டணத்துக்காக இடரை ஏற்றவரை ஊர் வேடிக்கை பார்த்தது. இருவர் உடலிலும் பட்ட வெப்பம் ஒன்றே. ஒன்று வேண்டுதல், மற்றொன்று பிழைப்பு என்னும் வேறுபாடு உண்மையானதே. ஆயினும் பிழைப்புக்காகத் துணிந்தவரின் பயிற்சியும் அச்சமும் குறைந்தவை ஆகா.

தமிழ்நாட்டு வரலாறும் இதற்குச் சான்று பகரும். சதிர் என வழங்கிய ஆடலைக் கோயில்களில் காத்த மரபினர் இழிவுபடுத்தப்பட்டனர். அவ்வாடலோ 1930-களில் பரதநாட்டியம் என்ற பெயரோடு புதிய மேடைகளில் ஏறிப் பெருமை பெற்றது. 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையைத் தடுத்தது. அது வேண்டிய சீர்திருத்தமே. எனினும் கலையைப் போற்றிய சமுதாயம், அக்கலையைச் சுமந்துவந்த பெண்களுக்கு அதே பெருமையை அளிக்கவில்லை.

ஈகையும் இறுதியும்

ரோஸ் சான் ஈட்டிய பொருளில் பெரும்பகுதி அறப்பணிகளுக்குச் சென்றது. சிறுவர் இல்லங்கள், முதியோர் இல்லங்கள், காசநோயாளர் ஆகியோருக்கெனத் தம் காட்சிகளின் வருவாயை வழங்கினார். ஒருபால் நாணமற்றவர் என ஏசப்பட்ட அவரே, மறுபால் கொடையரசி எனவும் அழைக்கப்பட்டார். அவர் கொடுத்த பணத்தில் இழுக்கு உண்டென்று எவரும் மறுத்ததாகத் தெரியவில்லை. தாமே வறுமையையும் ஆதரவின்மையையும் பட்டறிந்தவர் ஆதலின், அவர் ஈகை இரக்கத்தினும் ஆழமான ஓர் உறவுணர்வில் பிறந்தது எனலாம்.

பல திருமணங்களும் முறிவுகளும் கொண்ட அவர் வாழ்வு 1987-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் பட்டர்வொர்த்தில் மார்பகப் புற்றுநோயால் முடிவுற்றது. பினாங்கு வழக்கறிஞரும் ஆங்கிலக் கவிஞருமான செசில் ராஜேந்திரா எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 2013-இல் வெளிவந்தது. அதற்குள் அவர் ஆடிய காலத்துப் பேராக்கும் மாறிவிட்டது. 1985-ஆம் ஆண்டின் ஈய விலை வீழ்ச்சி கிந்தாவின் சுரங்கங்களை மூடியது. ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்டத்து மக்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தனர். கேளிக்கைப் பூங்காக்களின் ஒளி தொலைக்காட்சியின் முன் மங்கியது.

நாட்டு வரலாறு மன்னர், ஆளுநர், தலைவர் ஆகியோரின் பெயர்களால் மட்டும் நிறைவதன்று. ஊரடங்குக் காலத்து மக்கள் எதைக் கண்டு சிரித்தனர், எதற்கு அஞ்சினர், எவரைப் போற்றிக்கொண்டே இகழ்ந்தனர் என்பதும் வரலாறே. ரோஸ் சானின் ஆட்டத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உளப்பாங்கு. ஆனால் அவரை மதிப்பிடப் புகும் மாணவர், மேடையில் நின்ற ஒருத்தியை மட்டுமன்றி, சீட்டு வாங்கி எதிரே அமர்ந்திருந்த ஆயிரவரையும் உடன்வைத்தே எடைபோட வேண்டும். அதுவே நடுவுநிலை தவறாத வரலாற்று நோக்காகும்.