கோப்பிக் கறளும் காளான் குளிசையும்

ஊவா மாகாணத்தின் வரலாற்றில் மன்னர்களும் துரைமார்களும் இடம்பெறுகின்றனர். கண்ணுக்கு எளிதில் புலனாகாத ஒரு பூஞ்சணத்திற்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு. மலைநாட்டின் தலைவிதியை மாற்றியதில் எந்தத் துரைக்கும் குறையாத பங்கு அதற்கு உண்டு.

1869ஆம் ஆண்டு, மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தூள் படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் இயக்குநராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்கிலி என்ற அறிஞர், புரூம் என்பவருடன் சேர்ந்து, அப்பூஞ்சணத்திற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயர் சூட்டினார். பின்னர் 1880இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட், காற்றில் பறக்கும் வித்திகளால் நோய் பரவும் விதத்தை ஆராய்ந்தார். காட்டை முற்றாக அழித்து, மலை முழுவதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்ட முறையே நோய்க்குப் பெருவழி திறந்தது. இலாபவேட்கை வகுத்த அந்த வழியிலே பூஞ்சணம் நடந்து சென்றது.

இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. முதலாளிகள் சிலர் நாடு திரும்பினர். சிலர் தேயிலைக்கு மாறினர். தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து, வழியிலே பலரைப் பறிகொடுத்த தொழிலாளருக்கோ பல தோட்டங்களில் கூலிப் பாக்கியே மிஞ்சியது.

அதே பூஞ்சண உலகின் மற்றொரு முகம் காளான். மழைக்குப் பின் கறையான் புற்றுகளில் முளைக்கும் காளானை நம் மக்கள் நெடுங்காலமாக உண்டு வந்துள்ளனர். கறையான் தன் புற்றினுள் பூஞ்சணத் தோட்டம் வளர்க்கும் முறையைப் பேராதனையில் பணிபுரிந்த பெற்ச் 1906இல் விரிவாக எழுதினார். பிற்காலத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றவரும் அவரே. தேயிலைச் செடியின் பிணிகளை ஆராய 1925இலேயே ஒரு நிலையம் எழுந்தது. அச்செடியின் கொழுந்தைக் கிள்ளும் பெண்ணின் பிணிகளுக்கு அத்தகைய அக்கறை கிடைத்ததா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இன்று காளான் மற்றொரு கோலத்தில் சந்தைக்கு வந்திருக்கிறது. காளானின் உயிரணுச் சுவரில் உள்ள பீற்றா குளுக்கன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, குளிசையாகவும் தூளாகவும் விற்கின்றனர். நோயெதிர்ப்பைப் பெருக்கும், புற்றுநோயைத் தடுக்கும் என்றெல்லாம் விளம்பரம் முழங்குகிறது. இதில் மெய் எவ்வளவு?

மெய் உண்டு. பீற்றா குளுக்கன் என்பது குளுக்கோசு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்தமைந்த மாப்பொருள் வகையாகும். ஈஸ்ற் சுவரில் நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள் இதுவே என 1961இல் றிகி, டி லூசியோ என்ற ஆய்வாளர்கள் காட்டினர். மடுல்சீமையில் கறள் கண்டறியப்பட்டதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1969இல், ஜப்பானிய அறிஞர் சிஹாராவும் குழுவினரும் ஷீற்றாக்கே காளானிலிருந்து லென்ரினன் என்பதைப் பிரித்தெடுத்தனர். அது எலிகளில் கட்டிகளை ஒடுக்குவதை அறிவித்தனர். 1985இல் ஜப்பான் அதனை இரைப்பைப் புற்றுநோய்க்கு, பிற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்தாக ஏற்றது. இப்பொருளை இனங்காணும் ஏற்பி நம் நோயெதிர்ப்புக் கலங்களில் உண்டு என்பது 2001இல் தெளிவாயிற்று.

ஆனால் ஜப்பானில் ஏற்கப்பட்டது ஊசிமூலம் செலுத்தும் மருந்து. வாயால் உட்கொள்ளும் குளிசைக்கு அதே பலன் உண்டென எண்ணிவிடலாகாது. பீற்றா குளுக்கனைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. உணவுவழி உட்கொள்ளும் பீற்றா குளுக்கனின் பயன்களுள் உறுதியானது ஓட்ஸ், பார்லி ஆகிய தானியங்களைச் சார்ந்தது. நாளொன்றுக்கு 3 கிராம் உண்டால் இரத்தக் கொலஸ்ட்ரோல் ஓரளவு குறையும். காளான் குளிசையோ புற்றுநோயைத் தடுக்கும் என நிறுவப்படவில்லை.

தோட்டத்தின் வரலாறு இங்கே நமக்கு ஒரு பாடம் கூறுகிறது. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது உண்மை. ஆனால் தேவையான மலகூடங்களைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட நிருவாகங்கள் பல தயங்கின. மருந்துண்டவர் மீண்டும் வெறுங்காலுடன் அதே மண்ணில் நடந்தனர். புழுவும் மீண்டும் புகுந்தது. நோயின் வேரைத் தொடாத மருந்து எவ்வளவு சிறந்ததாயினும் பாதிவழியிலே நின்றுவிடும்.

இன்றைய நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 17.3 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள். தோட்டத் துறையில் அத்தொகை 31.7. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு! இக்குழந்தைகளுக்கு வேண்டியது புரதமும் இரும்புச் சத்தும் தூய நீரும். பச்சைக் காளானில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிராமில் புரதம் 3 கிராம் அளவே. அதே நிறையுடைய பருப்பிலோ 24 கிராம் அளவில் உண்டு. காளான் நல்ல கறி. பருப்புக்கும் முட்டைக்கும் பாலுக்கும் அது ஈடாகாது. இன்னொரு கொடுமையும் உண்டு. உணவோடு அருந்தும் சாயத் தேநீர், தாவர உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. கொழுந்து பறிப்பவளின் சோகைக்கு அக்கொழுந்தும் துணைபோகிறது.

காளான் வளர்ப்பைச் சுயதொழிலாகப் பரிந்துரைப்போரும் உளர். மரத்தூளும் தவிடும் நிறைத்த பைகளில் சிப்பிக் காளான் நன்கு வளரும். பதுளை, பண்டாரவளைப் பகுதிகளின் குளிர்ச்சியும் அதற்கு உகந்ததே. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் குடும்பம் முழுவதும் உறங்கும்போது, பைகளை எங்கே அடுக்குவது? கொட்டில் போடக் காணி வேண்டும். அக்காணியோ தலைமுறை தலைமுறையாக உழைத்தவருக்கு உரிமையாகவில்லை. ஆகவே காளானைப் பற்றிப் பேசப் புகுந்தாலும் காணியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டியிருக்கிறது.

விஞ்ஞானத்தை நாம் மறுக்கவில்லை. அதன் பெயரால் நடைபெறும் வாணிகத்தையே ஐயுறுகிறோம். ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. குளிசைப் போத்தலின் விளம்பரத்தை வாசிக்கும் தாய்க்கு, அந்தப் பணத்தில் பருப்பும் முட்டையும் கீரையும் வாங்குவதே அறிவு என்பதை எடுத்துரைக்கலாம். அவற்றை வாங்கப் போதிய கூலி இல்லையெனில், அது மருந்தால் தீரும் குறையன்று என்பதையும் அவளோடு அமர்ந்து பேசலாம்.