மூன்று எக்ஸ் போட்ட மிக்ஸ்

மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில் கல்யாண ரிசப்ஷன். மேடை ஓரத்தில் திருக்கழுக்குன்றத்துப் பையன் ஒருவன் பழைய லேப்டாப்பும் ஹெட்ஃபோனுமாக நின்றிருந்தான். அப்பா மைக் செட் வைத்திருந்தவர். ரெக்கார்டு, கேசட், சிடி எல்லாம் பார்த்த குடும்பம்.

“சாஃப்ட்வேர் என்ன விலை தம்பி?”

“ஃப்ரீண்ணே. மிக்ஸ். கடைசியில மூணு எக்ஸ் போட்டுத் தேடுங்க.”

அந்த மூன்று எக்ஸ் டென்மார்க்கிலிருந்து வந்தவை. டிஜேக்கள் எப்படி வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு எப்படிப்பட்ட கருவி தோதாக இருக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்த ட்யூ ஹாஸ்டே ஆண்டர்சன் 2001 வாக்கில் இதை எழுதத் தொடங்கினார். 2003இல் மான்ட்ரியல் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரையும் படித்தார். ஆராய்ச்சிக்குச் செய்த கருவி ஆய்வேட்டோடு பரணுக்குப் போவதுதான் வழக்கம். இது தப்பியதற்குக் காரணம் ஜிபிஎல் உரிமம்: மூலநிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். அவர் விட்ட இடத்தில் தன்னார்வலர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு ஓட்டும் டெக் நான்கோடு 2.0 வெளிவந்தது 2015 டிசம்பர் 31. டிஜேக்களுக்கு மூச்சு விட நேரமில்லாத ராத்திரியாகப் பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள்!

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செலவு வேறு இடத்தில். கூட்டத்துக்கு ஒரு பாட்டு போகும்போதே அடுத்ததை டிஜே மட்டும் காதில் கேட்டாக வேண்டும். லேப்டாப்பில் இருப்பதோ ஒரே ஆடியோ ஓட்டை. பையன் சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிச் செருகியிருந்தான். ஸ்பீக்கருக்கு ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று.

குத்துப் பாட்டில்தான் மிக்ஸ் கொஞ்சம் தடுமாறுகிறது. ஆறு எண்ணிக்கைத் தாளத்தில் நம் கால் இரண்டு அடி வைக்கிற இடத்தில் அது சமயத்தில் மூன்றாக எண்ணிவிடும். நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 90 பிபிஎம், உள்ள பாட்டுக்குத் திரையில் 135 என்று காட்டும். அதை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனைத் தட்டினால் ஆடுகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து பிபிஎம்மை மூன்றில் இரண்டாகக் குறைக்க அதிலேயே வழி இருக்கிறது. ஆனால் எண்ணியது தப்பு என்று முதலில் காது சொல்ல வேண்டும். பையன் திரையைப் பார்க்கவில்லை. வலது குதிகால் மணலில் தட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் பெண்ணின் பாட்டி இளையராஜா பாட்டு ஒன்று கேட்டார். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது; கலக்க இன்னும் மூன்று பாட்டு பாக்கி. எண்பதுகளில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்த பாட்டுகளில் வேகம் மயிரிழை ஏறும், இறங்கும். எந்திரம் போடுகிற சீரான கோட்டுக்குள் அடங்காது.

பையன் சிங்க்கை அணைத்தான். ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாட்டை முழுசாக ஓடவிட்டான்.