3 முறை பேட்டிங் சாம்பியன், ஆனாலும் சொந்த ஊரிலேயே திட்டு வாங்கியவர்... யார் இந்த ஜோ மவர்?

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு வீரருக்குக் கிடைக்கும் உச்ச மரியாதை, நியூயார்க் மாநிலம் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் பெயர் சேர்வதுதான். மூத்த விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் வாக்களித்துத் தேர்வு செய்வார்கள். 75 சதவீத வாக்குகள் வேண்டும். 2024 ஜனவரியில் நடந்த தேர்தலில் 385 பேர் வாக்களித்தார்கள். தேவை 289 வாக்குகள். ஜோ மவருக்குக் கிடைத்தது 293.

அதாவது நான்கே நான்கு வாக்குகள் கூடுதல். அதே ஆண்டு அட்ரியன் பெல்ட்ரே 95 சதவீதம் வாங்கி அலட்டிக்கொள்ளாமல் உள்ளே போனார். மவரோ நூலிழையில்தான் தப்பினார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பார்கள் மினசோட்டா மாநில ரசிகர்கள். 15 ஆண்டுகள் மினசோட்டா ட்வின்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடிவிட்டு 2018-ல் ஓய்வு பெற்ற மவரை, அவர்களில் பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேரிடம் கேட்டால் முதலில் வருவது சம்பளக் கணக்குதான். ஒரே ஆளைப் பற்றி ஒரே ஊரில் ஏன் இப்படி இரண்டு பேச்சு?

முதலில் ஒரு சின்ன விளக்கம்

மவர் ஒரு கேட்சர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீப்பர் வேகப்பந்துக்குப் பல அடி தள்ளி நிற்பார். கேட்சரோ பேட்ஸ்மேனுக்கு நேர் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல். பேட்டில் லேசாக உரசித் திசை மாறினால் நேராக முகக்கவசத்தில் மோதும். ஒரு சீசனுக்கு ஒரு அணி ஆடுவது 162 ஆட்டங்கள்.

முழங்கால் தேயும், விரல் உடையும், முதுகு போகும். அதனால் கேட்சர்களிடம் பெரிய பேட்டிங்கை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பந்தைப் பிடித்தால் போதும், ரன் வந்தால் லாபம் என்ற கதைதான்.

இன்னொரு விஷயம், பேஸ்பாலில் 'பேட்டிங் சராசரி' என்பது கிரிக்கெட் சராசரி மாதிரி கிடையாது. கணக்கில் வரும் வாய்ப்புகளில் எத்தனை முறை ஹிட் அடித்தார் என்ற விகிதம் அது. 10-ல் 3 அடித்தால், அதாவது 0.300 வைத்தால், அவர் நல்ல பேட்ஸ்மேன். 10-ல் 7 முறை தோற்பவரைத்தான் அங்கே நட்சத்திரம் என்கிறார்கள்!

உள்ளூர்ப் பையன்

மவர் பிறந்தது 1983-ல், மினசோட்டாவின் தலைநகரான செயின்ட் பாலில். ட்வின்ஸ் மைதானம் பக்கத்து நகரமான மினியாபொலிஸில். பள்ளியில் படித்த காலம் முழுக்க பேஸ்பாலில் ஒரே ஒரு முறைதான் 'ஸ்ட்ரைக் அவுட்' ஆனார். இந்தத் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அமெரிக்கக் கால்பந்திலும் நாட்டின் முன்னணிப் பள்ளி வீரர்களில் ஒருவர். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் குவார்ட்டர்பேக் இடம் கொடுத்துக் கூப்பிட்டது. அவர் பேஸ்பாலைத் தேர்ந்தெடுத்தார்.

2001-ல் புது வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு ட்வின்ஸுக்கு. ஊரே எதிர்பார்த்த பெயர் மார்க் பிரயர், கல்லூரி ஆட்டத்தில் கலக்கிக்கொண்டிருந்த பந்துவீச்சாளர். ட்வின்ஸ் எடுத்தது 18 வயது மவரை. "பிரயர் அதிகம் கேட்பார், காசை மிச்சம் பிடிக்கத்தான் உள்ளூர்ப் பையனைப் பிடித்தார்கள்" என்று அன்றே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. 2003-ல் பிரயர் சிகாகோ கப்ஸுக்காக 18 வெற்றிகள் குவித்தபோது அந்த முணுமுணுப்பு இன்னும் பலமானது. ஆனால் அடுத்தடுத்த காயங்களால் 2006-க்குப் பிறகு பிரயர் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை.

அதே 2006-ல்தான் மவர் 0.347 சராசரியுடன் அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் சாம்பியன் ஆனார். அந்த லீக்கில் ஒரு கேட்சர் இதைச் செய்தது அதுவே முதல் முறை. 2008-ல் மறுபடியும். 2009-ல் முதுகு வலியால் ஏப்ரல் முழுக்க ஆடவில்லை, மே 1-ம் தேதி திரும்பி வந்து முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன். அந்த சீசனை 0.365-ல் முடித்தார். அமெரிக்கன் லீக்கில் எந்தக் கேட்சரும் தொடாத உயரம் அது. மிகச்சிறந்த வீரருக்கான எம்விபி விருதுக்கு, 28 முதலிட வாக்குகளில் 27 அவருக்கே. அந்த லீக்கில் 3 முறை பேட்டிங் சாம்பியன் ஆன கேட்சர் வேறு யாருமே கிடையாது.

ஆனால் 2009-ன் ஒரு எண் பிறகு அவருக்கே வினையாக வந்தது. அந்த ஆண்டு அவர் அடித்த ஹோம் ரன்கள் 28. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, எந்த சீசனிலும் 13-ஐத் தாண்டியதே இல்லை.

184 மில்லியன் டாலர் ஒப்பந்தம்

மினசோட்டா ரசிகர்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. நல்லா ஆட ஆரம்பித்தால் வீரர்கள் பணக்கார அணிகளுக்குப் போய்விடுவார்கள். 2007 இறுதியில் டோரி ஹன்டர் ஏஞ்சல்ஸுக்குப் போனார். 2008 தொடக்கத்தில் நட்சத்திரப் பந்துவீச்சாளர் யோஹன் சன்டானாவை மெட்ஸுக்கு மாற்றினார்கள். அடுத்தது மவர், அதுவும் யாங்கீஸுக்கு என்றுதான் எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்.

2010 மார்ச்சில் அணி நிர்வாகம் 8 ஆண்டு, 184 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை நீட்டியது. அன்றைய மதிப்பில் 800 கோடி ரூபாய்க்கும் மேல். 2011 முதல் 2018 வரை ஆண்டுக்கு 23 மில்லியன். அதுவரை எந்தக் கேட்சருக்கும் யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை. வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற நிபந்தனையும் உண்டு. அடுத்த மாதமே டார்கெட் ஃபீல்டு என்ற புது மைதானம் திறந்தார்கள். அதற்கான செலவில் பெரும்பகுதி ஹென்னபின் கவுன்டி மக்களின் விற்பனை வரியில் 0.15 சதவீதம் கூட்டி எடுத்தது. அதற்குப் பொது வாக்கெடுப்பும் நடத்தவில்லை.

கடையில் சாமான் வாங்கும்போதெல்லாம் மைதானத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கும் ஒருவர், உள்ளே ஆடுபவரிடம் என்ன எதிர்பார்ப்பார்? உரிமையோடு கேள்வி கேட்கத்தான் செய்வார்.

எங்கே சறுக்கியது?

புது மைதானம் ஹோம் ரன் அடிக்கச் சுலபமானது அல்ல. 2010-ல் மவர் மொத்தம் 9 ஹோம் ரன்கள், அதில் டார்கெட் ஃபீல்டில் அடித்தது ஒன்றே ஒன்று. சராசரி என்னவோ 0.327. ஆனாலும் '28 அடித்தவர் 9 அடிக்கிறாரே' என்ற பேச்சு எழுந்தது.

2011 இன்னும் மோசம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த சீசன். ஏப்ரலில் அவர் விலக்கப்பட்டபோது அணி சொன்ன காரணம், 'இரு கால்களிலும் பலவீனம்'. கை உடைந்தது, தசை கிழிந்தது என்றால் ரசிகருக்குப் புரியும். கால் பலவீனம் என்றால்? அந்த வார்த்தை ஜோக் ஆகிவிட்டது. போதாததற்கு அதே காலகட்டத்தில் டிவியில் பொடுகு ஷாம்பு விளம்பரத்திலும் வந்துகொண்டிருந்தார். ஆண்டுக்கு 23 மில்லியன் வாங்கிக்கொண்டு 82 ஆட்டங்கள், 3 ஹோம் ரன்கள். அணி 99 தோல்விகள். அடுத்த மூன்று ஆண்டுகளும் தலா 90-க்கு மேல் தோல்வி.

தோல்விக்குப் பந்துவீச்சு படுமோசமாக இருந்ததும் முக்கியக் காரணம். ஆனால் பத்துப் பேர் மேல் கோபப்படுவதைவிட ஒருவர் மேல் கோபப்படுவது ரசிகருக்குச் சுலபம். அதிகச் சம்பளம் வாங்குபவர் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறாரே. அவர் சுபாவமும் கைகொடுக்கவில்லை. கத்த மாட்டார், ஹெல்மெட்டை எறிய மாட்டார், பேட்டியில் சூடாக எதுவும் சொல்ல மாட்டார். ஜெயிக்கும்போது 'அடக்கம்' என்று பாராட்டு வாங்கிக்கொடுத்த அதே குணத்துக்கு, தோற்கும்போது 'அக்கறையில்லை' என்று பெயர் வைத்தார்கள்.

பிளே ஆஃப் கணக்கும் அவருக்கு எதிராகவே நிற்கிறது. 2006, 2009, 2010, 2017 என அவர் ஆடிய 10 பிளே ஆஃப் ஆட்டங்களிலும் ட்வின்ஸ் தோல்வி. 2009-ல் யாங்கீஸுக்கு எதிராக 11-வது இன்னிங்ஸில் இடப்பக்கக் கோட்டுக்கு உள்ளே அவர் அடித்த பந்தை, சில அடி தூரத்தில் நின்ற நடுவர் ஃபில் கஸ்ஸி 'ஃபவுல்' என்று அறிவித்தார். ரீப்ளேயில் பந்து உள்ளே விழுந்தது பளிச்சென்று தெரிந்தது. அன்று அதை மேல்முறையீடு செய்ய விதியே இல்லை. அந்த ஆட்டமும் போச்சு.

2013 ஆகஸ்ட் 19

உண்மையில் கதை திரும்பியது இந்த நாளில்தான். மெட்ஸுக்கு எதிரான ஆட்டம். மவர் கேட்சராக உட்கார்ந்திருந்தபோது பேட்டில் உரசிய பந்து முகக்கவசத்தில் மோதியது. ரத்தம் இல்லை, எலும்பு முறிவு இல்லை. அடுத்த நாள் தலைசுற்றல். 'கன்கஷன்' என்றார்கள் மருத்துவர்கள், அதாவது தலை அதிர்வால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு. கிரிக்கெட்டில் 2019-ல் வந்த 'கன்கஷன் சப்ஸ்டிட்யூட்' விதியால் நமக்கும் பழகிய வார்த்தைதான்.

அந்த நேரத்தில் அவர் சராசரி 0.324. அந்த சீசனில் பிறகு ஆடவே இல்லை. நவம்பரில், இனி கேட்சர் வேலை வேண்டாம், ஃபர்ஸ்ட் பேஸ் இடத்துக்கு மாறுகிறார் என்று அறிவிப்பு வந்தது. 30 வயதில் உலகின் தலைசிறந்த கேட்சர்களில் ஒருவரின் கேட்சர் வாழ்க்கை முடிந்தது.

இந்த அணிக்கு இது புதிதும் அல்ல. மவரின் நெருங்கிய நண்பரும் 2006 எம்விபியுமான ஜஸ்டின் மோர்னோ, 2010 ஜூலையில் டொரான்டோவில் எதிரணி வீரரின் முழங்கால் தலையில் இடித்து இதே பாதிப்புக்கு ஆளானார். அப்போது அவர் சராசரி 0.345. அந்த சீசன் அத்தோடு முடிந்தது. பழைய பேட்டிங் முழுசாகத் திரும்பி வர ஆண்டுகள் ஆயின.

மவருக்கு என்ன ஆனது? 2014-ல் சராசரி 0.277-க்கு இறங்கியது. 2015-ல் 0.265. பள்ளிக்காலம் முழுக்க ஒரே முறை ஸ்ட்ரைக் அவுட் ஆன அந்தப் பையன், 2015 சீசனில் மட்டும் 112 முறை ஆனார். பந்து சில நேரம் மங்கலாகத் தெரிகிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அவர் வெளியே சொன்னது 2016 தொடக்கத்தில்தான். இரண்டு சீசன்கள் வாயே திறக்காமல் ஆடியிருக்கிறார். சொல்லியிருந்தால் 'சாக்கு' என்றிருப்பார்கள், சொல்லாததால் 'முடிந்துபோன ஆள்' என்றார்கள்.

இங்கே ரசிகர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸ் என்பது பெரும்பாலும் ஹோம் ரன் அடிப்பவர்களின் இடம். கேட்சராக 10 ஹோம் ரன் என்றால் பரிசு, ஃபர்ஸ்ட் பேஸில் அது பற்றாக்குறை. கேட்சருக்கான சம்பளத்தை வாங்கிக்கொண்டு கேட்சர் வேலை செய்யாதவர், ஐந்து ஆண்டுகள் அணியின் சம்பளப் பட்டியலில் பெரிய துண்டை எடுத்துக்கொண்டார். சின்ன பட்ஜெட் அணிக்கு அது வலிக்கும். இந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. தப்பு, அதற்கு அவர் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பேசியதில் இருக்கிறது. கட்டுப்போட்ட கையைப் பார்த்தால் இரக்கம் வருகிறது, உள்ளே கலங்கிய தலை கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஹால் ஆஃப் ஃபேம் வாக்கு இழுபறியானதும் இதே கேள்வியால்தான். அவர் கேட்சராக ஆடியது 900-க்குக் கொஞ்சம் அதிகமான ஆட்டங்கள். இவான் ரோட்ரிகஸ் 2,400-க்கும் மேல். மவரை எந்த அளவுகோலில் வைப்பது, சாதனை படைத்த கேட்சராகவா, சுமாரான ஃபர்ஸ்ட் பேஸ்மேனாகவா? வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பட்டியலில் அவர் பெயரை டிக் செய்யவில்லை. ஆனாலும் முதல் வாய்ப்பிலேயே இந்த வாக்கெடுப்பில் தேர்வான கேட்சர்கள் ஜானி பென்ச், இவான் ரோட்ரிகஸ், ஜோ மவர் என மூன்றே பேர்தான்.

ஓய்வு எப்படி வந்தது?

2017-ல் 0.305 என்று ஒரு நல்ல ஆண்டு அமைந்தது. 2018 மே மாதம் ஒரு ஃபவுல் பந்தைப் பிடிக்கத் தாவி விழுந்தார். பழைய அறிகுறிகள் திரும்ப வந்தன. பல ஆட்டங்கள் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. வீட்டில் 5 வயது இரட்டைப் பெண் குழந்தைகள், மூன்றாவது குழந்தை வரப்போகிறது. அந்த நவம்பரில் வெளியிட்ட ஓய்வுக் கடிதத்தில் அவர் மறைக்காமல் சொன்ன காரணமும் அதுதான். ஒரு சாதாரணத் தாவல் இவ்வளவு செய்தால் அடுத்தது என்ன செய்யும் என்ற யோசனையும், குடும்பமும்.

அதற்கு முன்பே, 2018 செப்டம்பர் 30, சீசனின் கடைசி ஆட்டத்தில் ரசிகர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் எதிரணி. மேனேஜர் பால் மோலிட்டரும் அதே செயின்ட் பால்காரர், மவர் படித்த பள்ளியின் பழைய மாணவர். 7-வது இன்னிங்ஸில் மவர் ஒரு டபுள் அடித்தார். அவருடைய 2,123-வது ஹிட், அதுவே கடைசி.

9-வது இன்னிங்ஸ் தொடங்கும்போது டக்அவுட்டிலிருந்து முகக்கவசம், மார்புக் கவசம், கால் பேடு எல்லாம் கட்டிக்கொண்டு மவர் வெளியே வந்தார். 5 ஆண்டுகளாக அவர் தொடாத கவசம். ஆண்டுக்கணக்கில் திட்டியவர்களும் சேர்ந்துதான் எழுந்து நின்றார்கள். பந்துவீச்சாளர் மேட் பெலைல் ஒரு பந்து வீசினார். பேட்ஸ்மேன் அதை விட்டுவிட்டார். மவர் பிடித்தார். உடனே வேறு கேட்சர் உள்ளே வர, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஆட்டத்தில் ட்வின்ஸ் 5-4 என வென்றது. அடுத்த ஆண்டு ஜூனில் அவருடைய 7-ம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்து, அந்த எண்ணை டார்கெட் ஃபீல்டில் நிரந்தரமாக மாட்டியது.