புற நரம்புகளில் மையலின் உருவாக்கம்: சமிக்ஞை ஆய்வின் வரலாறு

மையலின் என்பது நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்சானைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்துள்ள, கொழுப்பு மிகுந்த உறையாகும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியேயுள்ள புற நரம்புகளில் இந்த உறையை ஸ்வான் செல்கள் உருவாக்குகின்றன. உறையற்ற மெல்லிய ஆக்சானில் நரம்புத் தூண்டல் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தடித்த உறையுள்ள ஆக்சானில் இவ்வேகம் 100 மீட்டரை எட்டக்கூடும். எந்த ஆக்சானுக்கு உறை தேவை, அது எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆக்சானா, ஸ்வான் செல்லா என்பது நெடுங்காலம் விடை தெரியாத வினாவாக இருந்தது. முடிவு ஆக்சானுடையது என்பதும், அது எந்த மூலக்கூறின் வழியாகத் தெரிவிக்கப்படுகிறது என்பதும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே தெளிவாயின.

தொடக்கக் கால ஆய்வுகள்

செருமானிய உடலியலாளர் தியோடர் ஸ்வான் 1839-இல் வெளியிட்ட நூலில் நரம்பிழைகளை ஒட்டியுள்ள செல்களை விவரித்தார். அவரது பெயரே பின்னர் அச்செல்களுக்கு வழங்கலாயிற்று. 1854-இல் ருடால்ஃப் விர்ச்சோ 'மையலின்' என்னும் சொல்லை உருவாக்கினார். 1870களில் பிரெஞ்சு அறிஞர் லூயி அந்துவான் ரான்வியர், உறை சீரான இடைவெளிகளில் தடைபடுவதைக் கண்டறிந்தார்; அவ்விடங்கள் இன்று ரான்வியர் கணுக்கள் எனப்படுகின்றன.

எனினும் உறை எதிலிருந்து உண்டாகிறது என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. 1954-இல் பெட்டி கெரன் கோழிக் கருவின் நரம்புகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். ஸ்வான் செல்லின் சவ்வே ஆக்சானைச் சுற்றிப் பாய் போல மீண்டும் மீண்டும் சுருண்டு மையலினாகிறது என்று அவர் காட்டினார். உறையைச் செய்வது ஸ்வான் செல் என்பது இதனால் உறுதியாயிற்று. ஆனால் அதைச் செய்யுமாறு சொல்வது எது என்ற வினா எஞ்சி நின்றது.

நரம்பு ஒட்டுச் சோதனைகள்

புற நரம்புகளில் பொதுவாக 1 மைக்ரோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஆக்சான்களே மையலின் பெறுகின்றன. மெல்லிய ஆக்சான்கள் பலவற்றை ஒரே ஸ்வான் செல் உறையின்றித் தாங்கி நிற்கும். இவ்வமைப்பு ரீமாக் கட்டு எனப்படுகிறது. அப்படியானால் மையலின் உருவாக்கும் ஸ்வான் செல்களும் உருவாக்காதவையும் பிறவியிலேயே வேறானவையா?

1975, 1976ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹரால்டு வைன்பெர்க், பீட்டர் ஸ்பென்சர் ஆகியோரும், கனடாவின் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ குழுவினரும் இதைத் தனித்தனியே சோதித்தனர். மையலின் மிகுந்த நரம்பை வெட்டி, அதன் முனையை மையலின் அற்ற நரம்பின் துண்டுடன் இணைத்தனர். மீண்டும் வளர்ந்த ஆக்சான்கள் அத்துண்டுக்குள் நுழைந்தபோது, அதுவரை மையலினே உருவாக்காத ஸ்வான் செல்கள் அதை உருவாக்கத் தொடங்கின. ஆக்சான்களுடன் வேறு செல்கள் இடம்பெயர்ந்து வந்திருக்கலாம் என்ற ஐயத்தை நீக்க, அகுவாயோ குழுவினர் செல்களுக்குக் கதிரியக்கக் குறியிட்டுக் கண்காணித்தனர். ஸ்வான் செல் இரு வழிகளிலும் செல்லும் திறனுடையது என்பதும், வழியைத் தீர்மானிப்பது ஆக்சானே என்பதும் இச்சோதனைகளால் நிலைநாட்டப்பட்டன.

நியூரெகுலின்

அடுத்த தேடல் ஆக்சான் அனுப்பும் சமிக்ஞையைப் பற்றியது. 1980-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்டு பங்கேயின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் சால்சர், ஆக்சானின் சவ்வுத் துணுக்குகள் பட்டாலே வளர்ப்பிலுள்ள ஸ்வான் செல்கள் பிரிவடைவதைக் காட்டினார். சமிக்ஞை ஆக்சானின் மேற்பரப்பிலேயே இருந்தது. ஏறத்தாழ இதே காலத்தில் ஜெரமி பிராக்ஸ், கிரெக் லெம்கி ஆகியோர் மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஸ்வான் செல்களைப் பெருக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். 1993-இல் அதன் மரபணு அறியப்பட்டபோது, புற்றுநோய் ஆய்வாளர்களும் நரம்பு-தசை இணைப்பை ஆராய்ந்தவர்களும் வேறு பெயர்களில் கண்டறிந்த புரதங்களும் அதே மரபணுவின் விளைபொருள்களே எனத் தெரிந்தது. இன்று அம்மரபணு நியூரெகுலின்-1 எனப்படுகிறது.

2004-இல் செருமனியின் கோட்டிங்கன் நகரில் கிளாவுஸ்-ஆர்மின் நாவே குழுவினர், எலிகளில் நியூரெகுலின்-1 குறைந்தால் மையலின் மெலிவதையும், நரம்புச் செல்களில் அது கூடினால் உறை இயல்பை மீறித் தடிப்பதையும் காட்டினர். 2005-இல் நியூயார்க்கில் கார்லா தவேஜியா, சால்சர் ஆகியோர், வழக்கமாக மையலின் பெறாத பரிவு நரம்புச் செல்களில் நியூரெகுலின்-1இன் மூன்றாம் வகையை மிகுவித்தனர். வளர்ப்பில் அவற்றின் ஆக்சான்களும் மையலின் பெற்றன. ஆக ஒரே புரதத்தின் அளவு, உறை வேண்டுமா என்பதையும் எவ்வளவு வேண்டும் என்பதையும் தெரிவிக்கிறது.

ஸ்வான் செல்லுக்குள்

ஆக்சானின் சவ்விலுள்ள நியூரெகுலின், ஸ்வான் செல்லின் மேற்பரப்பிலுள்ள எர்ப்-பி2, எர்ப்-பி3 ஏற்பிகளைத் தூண்டுகிறது. அத்தூண்டல் செல்லுக்குள் நொதித் தொடர்கள் வழியாகக் கடத்தப்படுகிறது. செல் உட்கருவில் மையலின் மரபணுக்களை இயக்கும் முதன்மைப் புரதம் கிராக்ஸ்-20 ஆகும். இப்புரதம் இல்லாத எலிகளில் ஸ்வான் செல் ஆக்சானை ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று சுற்றியதும் நின்றுவிடுவதை 1994-இல் பாட்ரிக் ஷார்னேயின் பாரிசு ஆய்வகம் கண்டறிந்தது. 2009-இல் வரிக்குதிரை மீன்களில் நடந்த ஆய்வில், ஜிபிஆர்126 என்னும் ஏற்பியும் இன்றியமையாதது எனத் தெரியவந்தது. இது செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பியின் அளவை உயர்த்திச் செயல்படுகிறது.

நோய்களுடன் தொடர்பு

இச்சமிக்ஞை பிறழ்வது பல நோய்களுடன் தொடர்புடையது. தொழுநோய்க் கிருமி எர்ப்-பி2 ஏற்பியுடன் நேரடியாகப் பிணைந்து, நியூரெகுலின் இன்றியே அதைத் தூண்டி மையலினைச் சிதைப்பதாக 2006-இல் அனுரா ரம்புக்கன குழுவினர் தெரிவித்தனர். உறையைக் கட்டப் பயன்படும் ஏற்பியே அதைக் குலைக்கவும் வழியாகிறது.

அல்சைமர் நோய் ஆய்வில் மருந்து இலக்காகக் கருதப்பட்ட பேஸ்1 நொதி, நியூரெகுலினை வெட்டிச் செயல்படச் செய்கிறது. அந்நொதி இல்லாத எலிகளில் புற நரம்புகளின் மையலின் மெலிந்திருந்ததும் 2006-இல் வெளியாயிற்று. ஆகவே அந்நொதியைத் தடுக்கும் மருந்துகளின் பக்கவிளைவுகளை மதிப்பிடும்போது புற நரம்புகளையும் கருத வேண்டியதாயிற்று.

சார்கோ-மாரி-டூத் நோயின் 1ஏ வகை, பிஎம்பி22 மரபணு இரட்டிப்பதால் உண்டாகும் பரம்பரை நோயாகும். 2014-இல் நாவே குழுவினர் இந்நோயுள்ள எலிகளுக்கு இளம் பருவத்தில் நியூரெகுலின்-1 அளித்தபோது நரம்புகளின் செயல்பாடு மேம்பட்டது. இப்பலன் விலங்குச் சோதனையில் கண்டது. சிகிச்சை தொடங்கும் காலம் அதில் முக்கியமானதாக இருந்தது.