எட்டாம் எண் வாழ்த்தும் கணிப்பொறியின் முன்வரியும்

தந்தி வழக்கிலிருந்த காலத்தில், கம்பத்தில் நடக்கும் திருமணத்துக்குச் சென்னையிலுள்ள உறவினர் வாழ்த்து அனுப்பிய முறையை மூத்த வாசகர்கள் அறிவர். மணமக்களின் முகவரி, 8 என்னும் எண், தம் பெயர் ஆகிய மூன்றை எழுதிக் கொடுத்தால் போதும். நீண்ட இனிய மணவாழ்வை வாழ்த்தும் வாசகத்துக்குத் தந்தித் துறை அளித்திருந்த எண் அது. தீபாவளி வாழ்த்துக்கு எண் 1. கம்பிவழியே எண் மட்டுமே செல்லும். பெறும் அலுவலகம் தன் பட்டியலைப் பார்த்து முழு வாசகத்தையும் எழுதி வழங்கும். ஓரூரில் இருப்பவர் எண்ணைச் சொல்ல, வேறோர் ஊரில் வேலை நடந்தது.

இதற்கு இரு முனைகளிலும் ஒரே பட்டியல் இருந்தாக வேண்டும். எண்ணும் பிழையின்றிச் சேரவேண்டும். மோர்சு முறையில் 8 என்பது மூன்று கோடு, இரண்டு புள்ளி. 7 என்பது இரண்டு கோடு, மூன்று புள்ளி. ஒரு தட்டல் மாறினால் மணமக்களுக்கு வேறு வாழ்த்து போய்ச்சேரும்! ஆகவேதான் செய்திக்கு முன்னால் வரிசை எண், புறப்பட்ட அலுவலகம், நாள், நேரம், சொற்களின் எண்ணிக்கை ஆகியவை அடங்கிய முன்வரி ஒன்று சென்றது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை முடிவுற்றது. முன்வரியின் தேவை முடியவில்லை.

ஒரு கணிப்பொறியிலுள்ள நிரல், தொலைவிலுள்ள வேறொரு கணிப்பொறியிடம் வேலை வாங்குவதைத் ‘தொலைச்செயல் அழைப்பு’ எனலாம். அமெரிக்காவில் புரூஸ் நெல்சன் 1981-இல் இதுபற்றி ஆய்வேடு அளித்தார். 1984-இல் அவரும் ஆண்ட்ரூ பிரெல்லும் இதைச் செயற்படுத்திய விதத்தை விரிவாக எழுதினர். 1988-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் முறையை எல்லோரும் காண வெளியிட்டது. அதன் முன்வரியைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

முதலில் அழைப்பின் அடையாள எண். அடுத்து, இது கேள்வியா விடையா என்பது: கேள்விக்கு 0, விடைக்கு 1. பின்னர் அழைப்பு முறையின் பதிப்பு, நிரலின் எண், அந்நிரலின் பதிப்பு, செய்ய வேண்டிய செயலின் எண். இவை ஒவ்வொன்றும் 4 பைட்டு. ஆக 24 பைட்டு. இவற்றின்பின் அனுப்புபவர் யார் என்பதற்கான சான்று வரும். கோப்புகளைப் பகிரும் நிரலுக்கு 100003 என்னும் எண் தரப்பட்டது. இது நம் எட்டாம் எண்ணின் உறவுமுறைதான். பட்டியல் மாறியிருந்தால் என்செய்வது? தனக்குத் தெரிந்த மிகக் குறைந்த பதிப்பையும் மிக உயர்ந்த பதிப்பையும் மறுமுனை விடையிலேயே சொல்லிவிடும். தந்தி அலுவலகத்துக்கு இந்த வசதி இருந்ததில்லை! 0 எண்ணுள்ள செயல் எதையும் செய்யாது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க மட்டும் பயன்படும்.

இவற்றுள் எளிதாகத் தோன்றும் அடையாள எண்ணே பெரிய வேலையைச் செய்கிறது. அதைக் காணப் போடிநாயக்கனூருக்கு வருவோம். மலையில் விளையும் ஏலக்காய் இங்கும், இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. இரு மையங்களிலுள்ள வணிகரும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் ஏற்பாட்டை நறுமணப் பொருள் வாரியம் 2021-இல் தொடங்கியது. இத்தகைய ஏலத்தில், ‘கிலோவுக்கு ஒரு ரூபாய் உயர்த்து’ என்று ஒருவர் பொத்தானை அழுத்துவதாகக் கொள்வோம். விடை வரவில்லை. கேள்வி வழியில் தொலைந்ததா, அல்லது வேலை முடிந்து விடைதான் தொலைந்ததா? அனுப்பியவர் பக்கத்திலிருந்து இதை அறிய வழியே இல்லை. மீண்டும் அனுப்பினால் விலை இரண்டு ரூபாய் ஏறிவிடக்கூடும். அனுப்பாவிட்டால் சரக்கு கைநழுவக்கூடும்.

மறுமுறை அனுப்பும்போதும் அதே அடையாள எண்ணை இடுவதே இதற்குத் தீர்வு. பெறும் கணிப்பொறி, ‘இது முன்பே செய்தது’ எனக் கண்டு, பழைய விடையையே திருப்பியனுப்பும். ஆனால் முன்வரி எண்ணைத் தருமேயன்றி, அதை நினைவில் வைக்கும் பொறுப்பு பெறும் கணிப்பொறியுடையது. மின்தடையால் அது நின்று மீண்டும் எழுந்து, எழுதிவைத்த குறிப்பும் இல்லையென்றால், பழைய எண்ணும் புதிய எண்ணாகவே அதற்குத் தோன்றும்.