சாலொமோன் கேட்காத கேள்வி: தொட்டில் மரணமும் தாய்மீதான விசாரணையும்

சாலொமோன் ராஜாவின் தீர்ப்பு நமக்கெல்லாம் தெரிந்த கதை. இரண்டு பெண்கள், உயிரோடு ஒரு குழந்தை, ஒரு வாள். அந்தப் பிரதியில் இன்னொரு குழந்தையும் இருக்கிறது, செத்துப்போனது. இராத்திரி தூக்கத்தில் தாய் அதன்மேல் புரண்டு படுத்துவிட்டாள் என்று எதிராளி சொல்கிறாள். அது எப்படிச் செத்தது என்று ராஜா கேட்கவில்லை. தாய்தான் காரணம் என்பது விசாரணைக்கு முன்பே முடிவாகிவிட்டது. தூக்கத்தில் இறந்த குழந்தைகளைப் பற்றிய மேற்கின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்துக்கே திரும்பி வருகிறேன்.

1892இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்துக் காவல்துறை மருத்துவர் சார்ல்ஸ் டெம்பிள்மன், மூச்சுத்திணறி இறந்தவை என்று சொல்லப்பட்ட 258 குழந்தைகளின் மரணங்களைத் தொகுத்தார். சனிக்கிழமை இரவுகளில் சாவு அதிகம். அவர் கண்ட காரணங்கள்: தாயின் அறியாமை, அசட்டை, குடி, வீட்டு நெரிசல். டண்டி, சணல் ஆலைகளின் நகரம். பெண்கள் உழைத்து ஓடிய ஆலைகள். ஒற்றை அறையில் அடைந்து கிடந்த வாழ்க்கை பட்டியலில் இருந்தது, ஆனால் தாயின் ஒழுக்கத்துக்கு அடுத்தபடியாகத்தான்.

பிறகு மருத்துவம் குழந்தையின் உடம்புக்குள்ளேயே குற்றவாளியைத் தேடியது. திடீரென்று இறந்த குழந்தைகளின் தைமஸ் சுரப்பி ‘பெருத்திருப்பதாக’ச் சொன்னார்கள். எதைவிடப் பெருத்தது? அறுவை மேசைக்கு வந்த பிணங்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. நீண்ட நோயிலும் பட்டினியிலும் தைமஸ் சுருங்கும். சுருங்கியதை இயல்பு என்றும், ஆரோக்கியமானதை நோய் என்றும் வாசித்தார்கள். அந்தச் சுரப்பியைச் சுருக்க ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்துக்கும் மார்புக்கும் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. வறுமை ஒரு அளவுகோலாகவே மாறிப்போன கதை இது.

சரி, அப்புறம்? 1950களின் நடுவிலிருந்து பெஞ்சமின் ஸ்போக்கின் புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூல், பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னது. மல்லாந்து கிடந்தால் வாந்தி எடுத்து மூச்சடைக்கும் என்பது பயம். உண்மையில் மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால் அந்த ஆபத்து கூடுவதில்லை. குப்புறக் கிடக்கும் குழந்தைதான் தான் விட்ட மூச்சையே மறுபடி இழுக்கிறது, சூடேறுகிறது, சட்டென விழித்துக்கொள்ள முடியாமல் போகிறது. தாய்மார்கள் புத்தகத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள். கீழ்ப்படிந்த வீடுகளில் பிள்ளைகள் செத்தன.

1985இல் டி.பி.டேவிஸ், ஹாங்காங்கில் தொட்டில் மரணம் அரிது என்று எழுதினார். அங்கே பிள்ளைகளை மல்லாக்கப் போடுவதுதான் வழக்கம். விளிம்பிலிருந்து வந்த இந்தச் சேதி மையத்தின் காதில் ஏற வருஷங்கள் ஆயின. இதைப் படித்ததும் “பாத்தியா, நம்ம கெழவிங்களுக்குத் தெரிஞ்சது” என்று துள்ளத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ‘புள்ளைய மல்லாக்கப் போடு’ என்ற எங்கள் பாட்டிதான் அறை முழுக்கச் சாம்பிராணிப் புகையும் போட்டாள். மரபு என்பதற்காகவே ஒன்று சரியாகிவிடாது.

1987–90இல் நியூசிலாந்தில் நடந்த ஆய்வு மூன்று ஆபத்துகளைப் பிரித்துக் காட்டியது: குப்புறப் படுக்கை, தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் இல்லாமை. 1991இல் தன் மகனைப் பறிகொடுத்த தொலைக்காட்சியாளர் ஆன் டயமண்ட் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து பிரிட்டிஷ் அரசை நெருக்கினார். அந்த ஆண்டே பிரிட்டனிலும், 1994இல் அமெரிக்காவிலும் ‘மல்லாக்கப் போடுங்கள்’ இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளில் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. 2005இல் வந்த ஒரு மறுவாசிப்பு, 1970க்குள் கையிலிருந்த ஆய்வுகளை ஒழுங்காகத் தொகுத்திருந்தாலே பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம் என்றது.

இந்த 50,000க்கு எவரும் கூண்டில் ஏறவில்லை. ஏறியவர் ஸாலி கிளார்க். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அவரை 1999இல் கொலைகாரி என்றது ஆங்கில நீதிமன்றம். ஒரே வீட்டில் இப்படி இருமுறை நடக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார் மருத்துவ சாட்சி. 8,543ஐ அதே எண்ணால் பெருக்கிய கணக்கு. ஒரே குடும்பத்தின் இரு சாவுகளும் தொடர்பற்றவை என்ற தப்பான அனுமானம். 2003இல் விடுதலையானார், 2007இல் இறந்துபோனார்.

மருத்துவ அறிவு வெறும் அதிகாரச் சொல்லாடல்தான் என்று பேசும் நண்பர்களிடம் எனக்குச் சண்டை இங்கேதான். அதிகாரமாக இருந்த அறிவு கொன்றது, நிஜம். எண்ணிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்ட அறிவு காப்பாற்றியது, அதுவும் நிஜம். பிரிக்கவேண்டியது, அறிவுரை எந்த இடத்தில் குற்றப்பத்திரிகையாகிறது என்பதைத்தான்.

நியூசிலாந்தின் மவோரி மக்களிடம் ‘பிள்ளையோடு படுக்காதே’ என்ற கட்டளை எடுபடவில்லை. அது அவர்களுடைய வாழ்முறை மீதான தாக்குதலாகவே காதில் விழுந்தது. 2000களின் நடுவில் அவர்களே நாரில் ‘வஹாகுரா’ என்ற கூடையைப் பின்னினார்கள். தாயின் பக்கத்திலேயே, அதே படுக்கையில், ஆனால் பிள்ளைக்கென்று தனி இடம். விஞ்ஞானம் சொன்னதும் நின்றது, தாய் கூண்டில் ஏறவும் இல்லை.

செய்யவேண்டியவை எளியவை: மல்லாக்கப் படுக்கை, கெட்டியான சமதள மெத்தை, முகத்தருகே தலையணையோ கனத்த போர்வையோ இல்லாமை, புகையில்லாத வீடு, தாய்ப்பால், தாயின் அறையிலேயே தனிப் படுக்கை. இவை சாவைக் குறைக்கும், முழுக்க ஒழிக்காது. எல்லாம் செய்தும் ஒரு பிள்ளை விடியலில் எழுந்திருக்காமல் போகலாம். அப்போது அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் நாம் முதலில் கேட்கப்போவது எந்தக் கேள்வியை?